பின்னாலிருந்து வரும் சில்லறை

நானூற்று இருபது டிகிரியில்
கண்ணாடித் துண்டு காத்திருக்கிறது.
ஒரு முறை விசிறி, பத்து நொடி நிறுத்தி,
மறுபடி விசிற வேண்டும்.
துத்தநாக அசிடேட் சூட்டில் சீறி
ஆய்வகமெங்கும் ஊறுகாய் ஜாடி திறந்த புளிப்பு.
ஷம்ஷாத் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எண்ணுகிறாள்:
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
நூறாவது விசிறலுக்கு முன்னால் கரண்ட் போனால்
எல்லாம் முதலிலிருந்து.

அலுமினியம் நைட்ரேட் பாட்டிலில் மும்பை முகவரி.
சன்னலைத் திறந்தால் சேர்வராயன்.
அந்தச் செம்மண்ணுக்குள்ளும் அதே அலுமினியம்தான்
பாக்சைட்டாய்ப் படுத்திருக்கிறது.
நமக்குத்தான் தூய்மைச் சான்றிதழ் ஒட்டியது வேண்டும்,
அழுக்காக்குவதற்கு.

ஆம், அழுக்காக்கத்தான்.
ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.
கலைச்சொல் அகராதி 'மாசூட்டல்' என்கிறது.
எழுதிவிட்டு அடித்தேன்.
மாசு என்றால் எனக்கு மேக்னசைட் தூசி,
கொடியில் காயும் கறுப்புச் சுடிதாரைச்
சாம்பலாக்கிவிட்டுப் போவது.
'கலப்படம்' என்றால் பெட்ரோல் பங்க்.
"உறைன்னு எழுதேன்" என்றாள் ஷம்ஷாத்.
ஒரு சொட்டுத் தயிர் குடம் பாலையும்
தன்னைப் போலவே ஆக்கிவிடுமே.
அலுமினியம் அப்படி யாரையும் மாற்றுவதில்லை.
துத்தநாகம் எழுந்துபோன இருக்கையில்
உட்காருகிறது, அவ்வளவுதான்.
மூன்று பையோடு ஏறியது;
அங்கே இரண்டு பைக்குத்தான் இடம்.
மூன்றாவது மடியிலும் நிற்காமல்
கூட்டத்துக்குள் நழுவுகிறது.

எட்டு மணி டவுன் பஸ்ஸில் தெரிந்துகொண்டது இது.
ஐந்து ரோட்டில் ஏறியவர்
பின்படியிலிருந்து இருபது ரூபாயை நீட்டினார்:
"ஓமலூர் ஒண்ணு."
எனக்குக் கட்டணமில்லை. அந்த நோட்டுக்கு அது தெரியாது.
என் தோளைத் தட்டியது, வாங்கினேன்,
சாமந்திக் கூடைக்காரம்மாவிடம் கொடுத்தேன்,
அவர் பாலிடெக்னிக் பையனிடம்,
அவன் முகத்தைக்கூடத் திருப்பாமல்
முன்வாசல் கண்டக்டரிடம்.
பிறகு டிக்கெட்டும் மீதியும் வந்த வழியே.
ஒருவரும் இடம்விட்டு அசையவில்லை.
காசு மட்டும் போய் வந்தது.

தூய ஆக்சைடு, டெப்போவில் நிற்கும் பஸ்.
யாரிடமும் கொடுத்தனுப்ப எதுவுமில்லை.
இரண்டு சதவீதம் சேர்த்தபோது நன்றாக ஓடியது.
ஆசை விடவில்லை, நான்கு வைத்தேன்.
தடை எகிறிவிட்டது.
தீபாவளிக்கு முந்தின நாள் நெரிசல்,
கையைத் தூக்கவே இடமில்லை,
நோட்டு நடுவழியில் கசங்கி நின்றது.
அந்த ஆறு கண்ணாடிகளும் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.
ஆய்வேட்டில் அவற்றுக்கு இரண்டு வரி.
எனக்கு நான்கு மாதம்.

கோயம்புத்தூரிலிருந்து நுண்ணோக்கிப் படம் வந்தது,
சாம்பிளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய்,
லட்சம் மடங்கு பெரிதாக்கி.
ஆத்தூர்ப் பக்கம் களத்தில் காயும்
ஜவ்வரிசி மாதிரி இருக்கிறதென்றேன்.
"உருண்டை இல்லடி, மூலை இருக்கு பாரு."
எண்ணினோம்.
ஒவ்வொன்றுக்கும் ஆறு.

இன்று நான்கு ஊசிகளையும் இறக்கினேன்.
மீட்டர் கொஞ்சம் தடுமாறி நின்றது.
அடியில் வைக்கத் தாள் தேடி
பையில் கிடந்த காலை டிக்கெட்டை வைத்தேன்.
விளிம்பில் லேசான ஊதா.
நடுவில் கண்ணாடிமேல் எதுவுமே பூசாதது போல.
மேலே மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது,
அதனூடே படிக்க முடிகிறது:
மகளிர், கட்டணமில்லை,
மங்கிய மையில் தேதிகூட.

சுருக்கத்தில் அந்தச் சொல்லின் இடம் இன்னும் காலி.
ஷம்ஷாத் அடுப்பை அணைத்துவிட்டாள்,
சூடு இறங்க அரை மணி ஆகும்.
ஒன்பதே காலுக்கு பஸ்.
உட்கார வேண்டாம்,
நடுவில் நிற்க இடம் கிடைத்தால் போதும்.